நல்ல இடத்து மண்

மண்ணக்கா என்ற பெயரை வைத்தது நான்தான் என்று சங்கத்தில் ஒரு பேச்சு உண்டு. பொய். அது தானாக ஒட்டிக்கொண்ட பெயர். விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தில் நான் எடை போடுகிறவன். மேடையில் மூட்டை ஏறும், நான் முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்லுவேன், அதோடு என் உத்தியோகம் முடிந்தது. பெயர் வைக்கிற அளவுக்கெல்லாம் எனக்குக் கற்பனை ஓடாது. அவள் என்னைவிட நாலைந்து வயது சின்னவள். ஆனால் தலைவர் முதல் லாரிக்காரர் வரை அக்கா என்று கூப்பிடும்போது நான் மட்டும் எதற்கு விறைத்துக்கொண்டு நிற்பது என்று நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

அவளுக்கு வேலை மண் எடுப்பது. தோளில் ஓர் இரும்புக் குழாய், கையில் பிளாஸ்டிக் வாளி, இடுப்பில் துணிப்பைகள். வயலில் இறங்கிக் குழாயைத் திருகிக் குத்துவாள். உள்ளே ஏறுகிற மண்ணை வாளியில் தட்டிக் கலந்து, நிழலில் உலர்த்தி, இரண்டு கைப்பிடி அளவு பையில் கட்டிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவாள். சங்கத்தின் பின்பக்க வராந்தா முழுக்கப் பழைய செய்தித்தாள்களின் மேல் மண் காயும். யாராவது மிதித்தால் தொலைந்தார்கள். தலைவரே ஒருநாள் செல்போனில் பேசிக்கொண்டு வந்து ஒரு குவியலை மிதித்துவிட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டு, தன் சங்கத்திலேயே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடந்து போனார்.

புருஷன் தையல்காரர். வீட்டின் முன்னறையில் தையல் மெஷினும் துணிக் குப்பையும் போக மீதி இடத்தில்தான் குடித்தனம். மனுஷன் அதிர்ந்து பேசமாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் பேசிவிடுவாள்.

அவள் பிறந்த வீட்டுக்கு ஒரு காலத்தில் நிலம் இருந்தது. அது போன கதையை என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். கிணறு தோண்ட அவள் அப்பா வங்கியில் கடன் கேட்டார். நிலத்தைப் பார்க்க அதிகாரி வந்தார். அப்பா வெள்ளை மனசுக்காரர். நல்ல பக்கத்தைக் காட்டிவிட்டு வாயை மூடியிருக்கலாம். நிலத்தின் கோடியில் உப்புப் பூத்த ஒரு மூலை இருந்தது. அதையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அதிகாரி குனிந்து அந்த மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். கடன் இல்லை என்று பதில் வந்தது. அடுத்த இரண்டு வெள்ளாமையும் காய்ந்தன, நிலம் கைமாறியது. கூடப்பிறந்த அக்காவை நிலம் உள்ள வீட்டில் கொடுத்திருந்ததால் இவள் அக்கா வீட்டில்தான் வளர்ந்தாள். அக்கா புருஷன் இவளைச் சொந்தத் தங்கை மாதிரி வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். இன்றைக்கும் அவருக்கு இவள் பாப்பாதான்.

இப்படி இருக்கும்போதுதான் மண் வளத்துக்குப் பணம் போடுகிற நிதியம் என்று ஒன்று வந்தது. எங்கோ தலைநகரத்தில் அலுவலகம், அதற்கும் பணம் வேறெங்கிருந்தோ வருகிறது. அங்கிருந்து ஒரு மேடம் வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். திட்டத்தை நன்றாகவே விளக்கினார். மூன்று வருடம் உரம், பூச்சிமருந்து கிடையாது. அறுப்புக்குப் பின் மிஞ்சுகிற தாளை எரிக்கக் கூடாது, வயலிலேயே பரப்பி மக்க விட வேண்டும். இரண்டு வெள்ளாமைக்கு நடுவில் நிலத்தை வெறுமையாகப் போடாமல் பயறு ஏதாவது விதைத்து மூடி வைக்க வேண்டும். ஆரம்பத்தில் விளைச்சல் படுத்துவிடும். அந்த நஷ்டத்தைத் தாங்க நிதியம் சங்கத்தின் மூலம் கடன் தரும். மூன்று வருட முடிவில் மண்ணில் கரிமச்சத்து, அதாவது மக்கியதிலிருந்து சேருகிற சாரம், ஏறியிருந்தால் கடன் தள்ளுபடி, மேற்கொண்டு ஒரு தொகையும் கிடைக்கும். ஏறாவிட்டால் வட்டியோடு கட்ட வேண்டும்.

எங்கள் ஆட்களுக்கு வங்கி தெரியும், வட்டி தெரியும். மண் குணமாவதற்குக் காசு கொடுப்பார்கள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. ஆளாளுக்குச் சிரித்தார்கள். ஊரிலேயே இரண்டு பம்புசெட் வைத்திருக்கும் மோட்டார்க்காரர், நாளைக்குக் காற்று நன்றாக அடித்தாலும் பணம் தருவீர்களா என்று மேடத்தையே கேட்டார். அந்தச் சிரிப்பையெல்லாம் மீறி ஆள் சேர்த்தது மண்ணக்காதான். வீடு வீடாக ஏறி இறங்கினாள். முதலில் சேர்ந்தவர் அவளுடைய அத்தான். அவருக்குத் திட்டத்தில் நம்பிக்கை இருந்ததா என்பது தெரியாது, பாப்பா சொன்னாள், சேர்ந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் சேர்ந்தார்கள்.

திட்டத்தை விளக்கிய அன்றைய கூட்டத்தில் மேடம் சொன்ன ஒரு வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. முதலில் எல்லோருடைய மண்ணையும் சோதித்துப் பார்ப்போம், பிறகு திட்டத்தில் யார் யார் என்று முடிவு செய்வோம் என்றார். அவர் கணக்கில் அது சாதாரணமான வாக்கியம். எங்கள் ஆட்கள் காதில் அது பரீட்சை என்று விழுந்தது. நல்ல மண் பாஸ், கெட்ட மண் ஃபெயில். கடன் கொடுக்க வருகிறவன் நல்ல நிலத்தைப் பார்த்துத்தான் கொடுப்பான் என்பது பிறந்ததிலிருந்து எங்களுக்குத் தெரிந்த விஷயம். கெட்ட மண் வைத்திருப்பவனைத் தேடிவந்து பணம் கொடுக்கிறவனை நாங்கள் எங்கே பார்த்திருக்கிறோம்?

அந்த முதல் சோதனைக்கு மண் எடுத்தது மண்ணக்காதான். பயிற்சியில் அவளுக்கு ஒழுங்காகத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வயலின் குறுக்கே வளைந்து வளைந்து நடந்து பல இடத்தில் குத்தி எடுக்க வேண்டும், எருக்குழி ஓரமும் வாய்க்கால் ஓரமும் ஆகவே ஆகாது. அவளும் வளைந்துதான் நடந்தாள். ஆனால் குழாய் இறங்கியதெல்லாம் மாட்டுக் கொட்டகைத் தண்ணீர் வழிந்து ஓடும் இடத்தில், வருடக்கணக்காக எரு கொட்டிக் கறுத்துப்போன இடத்தில், மரத்தடியில். வயல்காரர்களும் கூடவே வந்து இங்கே எடு, இங்கே எடு என்று கை காட்டினார்கள். உப்பு மூலையை அதிகாரியிடம் காட்டிய மனுஷனின் மகள் வேறு எப்படி எடுப்பாள்? ஒரு வயலும் ஃபெயிலாகவில்லை. அன்றைக்கு அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

முதல் வருடம் விளைச்சல் பாதியானது. எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, என் மேடைக்கு வந்த மூட்டைகளே சொல்லின. இரண்டாம் வருடம் புழு விழுந்து மிச்சத்தையும் தின்றது. மண்ணக்கா தெருவில் நடந்தால் பெண்கள் கேட்கிற மாதிரியே முணுமுணுத்தார்கள். அத்தான் பகலில் வயலும் மற்ற நேரத்தில் ஒரு கிடங்கில் காவலும் பார்த்தார். அக்காவோ தங்கையிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் தன்னைக் கொல்கிறது என்று மண்ணக்கா ஒருநாள் என்னிடம் சொன்னாள். கடன் பணம் வந்துகொண்டுதான் இருந்தது. அதில் அடுப்பு எரிந்தது, ஆனால் கடன் கடன்தானே.

மூன்றாம் வருடம் மழை ஏமாற்றியது. அதில்தான் வித்தியாசம் தெரிந்தது. மோட்டார்க்காரரின் மக்காச்சோளம் இரண்டு பம்புசெட் ஓடியும் முழங்கால் உயரத்தில் கருகி நின்றது. தாள் பரப்பி மூடி வைத்த வயல்களில் ஈரம் உள்ளேயே இருந்தது. அத்தானின் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு வந்து கதிர் பிடித்தது. மூட்டைகள் என் மேடைக்கு வந்தபோது முள் பழைய இடத்தையும் தாண்டியது. எனக்கு ஒரு செண்டு நிலம் கிடையாது, இருந்தும் அன்றைக்கு ஏதோ நானே விளைவித்தது மாதிரி எண்ணை உரக்கச் சொன்னேன். அத்தான் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு முடிவுச் சோதனை. இந்தத் தடவை நிதியமே ஆள் அனுப்பியது. இரண்டு பேர் கையில் ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு, அது காட்டிய இடத்திலெல்லாம் மண் எடுத்தார்கள். எருக்குழி, வாய்க்கால் பக்கமே போகவில்லை. அறுப்பு முடிந்து ஊர் கொஞ்சம் தெம்பாக இருந்த நேரத்தில் முடிவு வந்தது. அநேகமாக எல்லா வயலிலும் கரிமச்சத்து ஏறவில்லை, பலவற்றில் இறங்கியிருக்கிறது. தள்ளுபடி இல்லை, கடனைக் கட்ட வேண்டும்.

சங்கம் கொதித்தது. மெஷின் பொய் சொல்கிறது, சோதனைக்கூடத்தில் பை மாறிவிட்டது, பணம் கொடுக்க மனசில்லாமல் ஏமாற்றுகிறார்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சோதனைக்கூடத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று தலைவர் முடிவு கட்டினார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் மண்ணக்கா வெளியே வந்து என் எடை மேடையில் உட்கார்ந்தாள். எனக்குப் பழக்க தோஷம், முள்ளைப் பார்த்தேன். இளைத்துவிட்டாயே அக்கா என்று வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணே, மொதல் தடவை மண்ணு எடுத்தேன்ல. எல்லாத்தையும் நல்ல எடமாப் பாத்து எடுத்துட்டேன்."

"நல்ல எடத்துல எடுத்தா நல்லதுதானே?"

"ஏறியிருக்கான்னுல்ல பாக்குறாங்க. நான் உச்சியில இருந்தே கணக்கை ஆரம்பிச்சு விட்டுட்டேன். இனி எங்க ஏறும்?"

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த நிமிஷம்தான் அவள் சொன்னது உறைத்தது. மூன்று வருடம் உழைத்து அந்த மண்ணைத் தேற்றியது உண்மை. ஆனால் அது முன்பு எவ்வளவு கெட்டுக் கிடந்தது என்பதற்கு உலகத்தில் ஒரு சாட்சியும் இல்லை. இருந்த ஒரே சாட்சியை இவள் தன் கையாலேயே அழித்துவிட்டாள், அதுவும் ஊருக்கு நல்லது செய்வதாக நினைத்து.

நான் ஒன்றும் உத்தமன் இல்லை. வாயைத் திறக்காதே என்றுதான் சொன்னேன். தலைவர் பாட்டுக்குச் சோதனைக்கூடத்தைத் திட்டட்டும், தவணை வாங்கிக் கட்டிக்கொள்ளலாம், உன் வேலையாவது மிஞ்சும். அவள் கேட்கவில்லை. பேசாமல் இருந்தால் இந்த விவசாயத்தால் மண் தேறாது என்று நிதியம் எழுதிவிடும், பிறகு இதற்கு யாரும் எங்கேயும் காசு போடமாட்டார்கள், அத்தான் பட்ட பாடு பொய் என்று ஆகிவிடும் என்றாள். அன்று சாயங்காலமே அத்தான் வீட்டுக்குப் போய் முதலில் அவரிடம் சொன்னாள். அவர், அந்த இடத்தைக் கை காட்டியது நான்தானே பாப்பா என்றாராம்.

மேடம் மறுபடி வந்தபோது கூட்டத்தில் அவள் எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். எந்த வயலில் எங்கே எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. கத்திக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பின்வரிசையிலிருந்து மோட்டார்க்காரர் மட்டும் சிரித்தார். மேடத்தின் மேல் எனக்குக் கோபம் இருந்தாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும், அவர் அவளைத் திட்டவில்லை. மூன்று வயல்களுக்குக் கூடவே நடந்து போய்ப் பார்த்தார். அத்தானின் மண்ணைக் கையில் அள்ளிப் பிசைந்தார். நிதியத்தின் தலைமையிடம் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தலைமை யோசித்து ஒரு முடிவு சொன்னது. முதல் சோதனை செல்லாது. ஆகவே ஏற்றம் இருந்ததா இல்லையா என்று யாரும் சொல்ல முடியாது, தள்ளுபடியும் முடியாது. ஆனால் உண்மையைச் சொன்னதற்காகக் கடனை இன்னும் மூன்று வருடம் தள்ளி வைக்கிறார்கள். இந்தக் கோடை முடிந்ததும் நிதியத்தின் ஆட்களே வந்து புதிதாக முதல் சோதனை எடுப்பார்கள். அதிலிருந்து மூன்று வருடத்தில் மண் ஏறினால் பழைய கடனும் தள்ளுபடி. விரும்புகிற புது ஆட்களும் சேரலாம். இதைச் சொல்ல மேடமே நேரில் வந்தார். எல்லோரும் மூச்சு விட்டார்கள், தலைவர் கைதட்டக்கூட ஆரம்பித்தார். அத்தான்தான் எழுந்தார்.

"இப்ப இருக்கிற மண்ணுல இருந்து ஏறணுமாங்க?"

"ஆமாங்க."

"என் மண்ணு ஏற வேண்டியதெல்லாம் ஏறிடுச்சே. இன்னும் எவ்வளவு ஏறும்?"

மேடம் கீழே பார்த்தார். "எனக்குப் புரியுதுங்க. ஆனா காகிதத்துல உங்க மூணு வருஷம் இல்லை."

கைதட்டல் அப்படியே நின்றது. சாரமே இல்லாமல் வறண்டு கிடக்கும் நிலம் கொஞ்சம் கவனித்தாலே மளமளவென்று ஏறும். தேறிய நிலம் ஆமை வேகத்தில்தான் போகும், சமயத்தில் போகவே போகாது. இதையும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் மண்ணக்காதான். அப்படியென்றால் இந்தப் புதுத் திட்டத்துக்கு ஊரிலேயே தோதான நிலம் மோட்டார்க்காரருடையது. இருபது வருடம் உரம் கொட்டிக் கொட்டி ஒரு மண்புழு பாக்கியில்லாமல் கொன்று வைத்திருக்கிறார். கணக்குப் போடுவதில் ஆள் கெட்டி, அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டார். அவருக்குப் பணம் வரும், நிச்சயம் வரும். ஒழுங்காக உழைத்தவனுக்குக் கடன், கெடுத்து வைத்தவனுக்குப் பரிசு. இதில் யாரையும் திருடன் என்று சொல்ல முடியாது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. எல்லோரும் விதிப்படிதான் நடந்தார்கள்.

மண்ணக்காவை வேலையை விட்டு எடுக்கவில்லை. குழாயையும் வாளியையும் வாங்கி வைத்துக்கொண்டு, டிராக்டர் வாடகைப் பதிவில் உட்கார வைத்தார்கள். அது என் எடை மேடைக்கு நேர் எதிரே, கம்பி வலை போட்ட சிறிய அறை. யார் எப்போது எந்தக் கலப்பையோடு டிராக்டர் வேண்டும் என்று கேட்கிறார்களோ பதிந்து ரசீது கொடுக்க வேண்டும். பின் வராந்தாவில் இப்போது சைக்கிள் நிறுத்துகிறார்கள்.

கோடை ஆரம்பத்தில் ஒருநாள் அத்தான் அந்த வலைக்கு முன்னால் வந்து நின்றார். விதைப்புக்கு இன்னும் நாள் இருக்கிறதே, இப்போது எதற்கு டிராக்டர் என்று அவள் கேட்டாள். ஆழமாகப் புரட்டிப் போடுகிற கலப்பை வேண்டும், மூன்று உழவு வேண்டும், அதற்கு முன்னால் தாளையெல்லாம் கொளுத்திவிடப் போகிறேன் என்றார் அவர். சொல்லும்போது அவளைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய வாடகைப் பலகையைப் பார்த்தார்.

"எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிறாங்க பாப்பா. சோதனைக்கு முன்னாடி மண்ணைக் கீழ எறக்கி வச்சுட்டா, மூணு வருஷத்துல மறுபடி ஏத்திடலாம். ஒரு தடவை ஏத்துனவங்கதானே நாம."

நான் எடைச் சீட்டைக் கீழே வைத்துவிட்டேன். தாளைக் கொளுத்தினான் என்பதற்காகத் தெருவில் ஒருவனை நிறுத்தி வைத்துச் சண்டை போட்டவள் அவள். இப்போது வலையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வருவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பேனாவை எடுத்து ரசீதில் அவர் பெயரை எழுதினாள்.

"மூணு உழவு பத்தாது அத்தான். உழுதுட்டுக் கோடை முழுக்க வெறுமையாப் போடுங்க. ஒரு சொட்டுத் தண்ணி காட்டாதீங்க. நல்லா வெயில் ஏறணும், அப்பதான் எறங்கும்."

அத்தான் இரண்டு கையாலும் வலையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ வேண்டாம்னு சொல்லுவேன்னுதான் உங்கிட்ட வந்தேன்."

"நான் சொல்லிச் சொல்லித்தானே அத்தான் கடனாளி ஆனீங்க."

அவர் ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை டிராக்டர் அத்தான் வயலுக்குப் போனது. மத்தியானத்துக்குத்தான் திரும்பும் என்று பதிந்திருந்தது, பதினொரு மணிக்கே வந்துவிட்டது. டிரைவர் நல்ல பையன், சூதுவாது தெரியாதவன். சாவியைக் கொடுக்க வந்தவன், நம் பக்கத்தில் இவ்வளவு வருடம் உழுதும் இப்படி ஒரு மண்ணைப் பார்த்ததே இல்லை அக்கா, கலப்பை தானாக இறங்குகிறது, டீசல்கூடப் பாதிதான் செலவு என்று பாராட்டாகவே சொன்னான். மண்ணக்கா சாவியை வாங்கி ஆணியில் மாட்டினாள். மிச்ச டீசலை வரவு வைத்துவிட்டு, அடுத்து நின்றவரிடம் எந்தக் கலப்பை வேண்டும் என்று கேட்டாள்.